பதினேழு பேர் பார்த்த வீடியோ, ஒருவருக்கு மட்டும் வருகை

அனுப்புநர்
ரா. தேசம்மா (வயது 47),
க/பெ. ராபர்ட்,
மீன் வியாபாரம்,
ஊரூர் ஒல்காட் குப்பம்,
பெசன்ட் நகர், சென்னை – 600 090.

பெறுநர்
திட்ட அலுவலர் அவர்கள்,
‘கரையோரக் கல்வி’ முதியோர் தொடர்கல்வித் திட்டம்,
மூன்றாம் தளம், தியாகராய நகர்,
சென்னை – 600 017.

பொருள்: எட்டாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு (06.04.2025) – ஊரூர் ஒல்காட் குப்பம் மையத்தில் பயிலும் பதினாறு பெண்களுக்கு வருகைக் குறைவு என்று நுழைவுச்சீட்டு மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை செய்து உடனே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் அலுவலகத்தின் குறுஞ்செய்தி, நாள் 05.03.2025.
2. அதே நாளில் எனக்கு மட்டும் வந்த பாராட்டுச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேற்படி மையத்தில் எட்டாம் வகுப்புக்குப் படிக்கும் பதினேழு பெண்களில் நான் ஒருத்தி. பதினேழு பேரும் மீன் விற்பவர்கள். எனக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. கூடவே ‘மிகுந்த ஈடுபாடுள்ள கற்பவர்’ என்று சான்றிதழும் வந்தது. மற்ற பதினாறு பேருக்கும் ‘தாமாக விலகியவர்’ என்று குறுஞ்செய்தி வந்தது. ஆகவே இந்த மனுவை எனக்காக நான் எழுதவில்லை. என் நாத்தனார் ஜாஸ்மினுக்காகவும் மற்ற பதினைந்து பேருக்காகவும் எழுதுகிறேன். மனு எழுதுவது எப்படி என்பது தங்கள் திட்டத்தின் நாற்பத்தோராம் பாடம். மனுவில் கோபத்தைக் காட்டக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கூடியவரை காட்டவில்லை. ஒன்பதாம் பத்தியில் மட்டும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. ஜாஸ்மினின் நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. தங்கள் திட்டத்தின் பெயரில் முதியோர் என்று இருப்பதைப் படித்த அன்று அவள் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனித் தலையில் கூடை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. இன்னும் வைக்கிறாள். அடையாறில் ஒரு மருத்துவமனை கேன்டீனுக்கு அவள்தான் தினமும் மீன் கொடுக்கிறாள். சரக்கை அவள் பார்க்கிற விதத்தைக் கவனித்த கேன்டீன் மேலாளர், ஸ்டோர் கீப்பர் வேலை காலியாகப் போகிறது, எட்டாம் வகுப்பு பாஸ் சான்றிதழ் மட்டும் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். ஜூன் மாதக் கடைசி வரை அந்த இடத்தை வைத்திருப்பதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த தேர்வு அக்டோபரில் என்று தங்கள் அறிவிப்புப் பலகை சொல்கிறது. ஏப்ரலில் எழுதாவிட்டால் ஜாஸ்மினுக்கு அந்த வேலை இல்லை.

3. சென்ற ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்களுக்கு நேரடி வகுப்பு நடந்தது. மயிலாப்பூரிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி டீச்சர் பஸ் பிடித்து வருவார். நான்கு மணிக்கு வந்தால் ஆறு மணி வரை. முதல் வாரம் மீன் வாசனை தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். இரண்டாம் வாரம் கைக்குட்டையைக் காணோம். ஆகஸ்ட் மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஸஹானா என்ற பெண் ஒரு டேப்லெட்டுடன் வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு ‘கற்றல் பாணி’ உண்டு, சிலர் கண்ணால் பார்த்துக் கற்பார்கள், சிலர் காதால் கேட்டு, சிலர் கையால் செய்து, அதைக் கண்டுபிடித்து அதன்படி கற்பித்தால் படிப்பு சீக்கிரம் ஏறும் என்று விளக்கினார். மரியாதையான பெண். அவர் மீது எங்களுக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் அவர் வந்தது காலை ஏழு மணிக்கு, கரையில் ஏலம் நடக்கும் நேரத்தில்.

4. இங்கேதான் எங்கள் பக்கத் தவறு இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் கரையில் ஏலம் முடியும்வரை வாங்குகிறவர் மீனைத் தொடக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. மீனின் கண்ணையும் மேல் மினுப்பையும் பார்த்தே விலை கேட்க வேண்டும். ஸஹானாவின் முதல் கேள்வி, புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நீங்கள் பார்ப்பீர்களா, பிறர் சொல்லக் கேட்பீர்களா, தொட்டுச் செய்வீர்களா என்பது. வரிசையில் முதலில் நின்ற சொர்ணம், “பாத்துதாம்மா. தொட்டா ஏலக்காரரு கையத் தட்டி உட்ருவாரு. கேட்டு இன்னா பிரயோஜனம்? எல்லாந்தான் இன்னிக்குப் புடிச்சதுன்னு சொல்லுவான்” என்றாள். பின்னால் நின்ற நாங்கள் பதினாறு பேரும் எங்களுக்கும் அதேதான் என்று சொல்லிவிட்டு ஏலத்துக்கு ஓடினோம். பன்னிரண்டு கேள்விக்கும் அதே பதில். அவர் மீனைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தோம் ஐயா. பாடத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

5. முடிவு வந்தது: ஊரூர் ஒல்காட் குப்பம், நூற்றுக்கு நூறு கண்வழிக் கற்பவர்கள். இப்படி ஒரு மையம் திட்டத்திலேயே கிடையாது என்று தங்கள் அலுவலகத்தில் சந்தோஷப்பட்டதாகக் கேள்வி. கண்வழிக் கற்பவர்களுக்கு டீச்சர் தேவையில்லை, வீடியோ போதும் என்று உத்தரவாயிற்று. ஐம்பது நிமிடம் வீதம் நாற்பத்தெட்டுப் பாடங்கள், ஒரு செயலியில். ஸ்ரீலக்ஷ்மி டீச்சரை நங்கநல்லூர் மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே கோயிலில் உபன்யாசம் கேட்டுப் பழகியவர்கள் ‘கேட்டுத்தான்’ என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு டீச்சர் கிடைத்தார். போகும்போது அவர், “நான் போறேன்னு படிப்பை விட்டுடாதீங்கோ. ஜாஸ்மின் கேள்வி கேட்டுண்டே இருப்பா, அவளைக் கேக்க விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் படிப்பை விடவில்லை.

6. தங்கள் செயலி ஓர் ஆளுக்கு ஒரு போன் என்று வைத்திருக்கிறது. படிவத்தில் பதினேழு எண்கள் கொடுத்ததும் உண்மை. ஆனால் அவற்றில் பதினாறு, கணவனின் போன் அல்லது மகனின் போன். அவை படகோடு கடலுக்குப் போகும். கரைக்கு வந்தாலும் எங்கள் கைக்கு வராது. சொந்தமாகப் போன் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான், ஃபிளாட்டுகளிலிருந்து மீன் ஆர்டர் வருவதால். எனவே தினமும் நான்கு மணிக்கு வலைக்கூடத்தில் ஐஸ் பெட்டி மீது என் போனைச் சாய்த்து வைத்து, பதினேழு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நூற்று முப்பது நாட்கள். கடல் காற்றில் போனின் குரல் மூன்றாவது வரிசைக்கு எட்டாது. முன்னால் இருப்பவள் கேட்டுச் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். பின்வரிசைக்குப் படமும் தெரியாது. கண்வழிக் கற்பவர்கள் என்று பெயர் வாங்கிய எங்களில் பாதிப் பேர் காதால்தான் படித்தோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று செயலி கேட்கும். அழுத்தாவிட்டாலும் வீடியோ நிற்காது, ஆனாலும் ஆமாம் என்று நான் அழுத்துவேன். பதினேழு பேருக்கும் சேர்த்துத்தான் அழுத்தினேன். செயலிக்கு அது தெரிய வழியில்லை.

7. அங்கே படிப்பு எப்படி நடந்தது என்று தாங்கள் அறிய வேண்டும். பன்னிரண்டாம் பாடம், பின்னங்களைக் கூட்டுவது. வீடியோவில் வரும் வாத்தியார் ஒரு பீட்சாவை வெட்டிக் காட்டுகிறார். பதினெட்டு முறை போட்டுப் பார்த்தோம். பதினெட்டு முறையும் அவர் முகம் சுளிக்கவில்லை. நேரில் வருகிற எந்த வாத்தியாரும் அவ்வளவு பொறுமையாக இருந்திருக்க மாட்டார், அதற்கு எங்கள் நன்றி. ஆனால் பதினெட்டு முறையும் அதே பீட்சாவை அதே மாதிரிதான் வெட்டினார். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் ஏழில் இரண்டு என்றே நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். பத்தொன்பதாம் முறை போடப் போனபோது ஜாஸ்மின், “நிறுத்து அண்ணி” என்றாள். எழுந்து போய் இருபத்துநான்கு கிளிஞ்சல் பொறுக்கி வந்து பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு குவியல் வைத்தாள். “ரெண்டும் ஒரே அளவு. இத்த மூணு பேரு கூறு போடுறோம், அத்த நாலு பேரு கூறு போடுறோம். இதுல ஒரு கூறு எடு, அதுல ஒரு கூறு எடு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, எப்டிச் சேத்து எண்ணுவ? ரெண்டையும் பன்னெண்டாப் பிரிச்சி வெச்சிக்கோ, அப்பால எண்ணு” என்றாள். நாலும் மூன்றும் ஏழு. பன்னிரண்டில் ஏழு. மொத்தமாக ஏலத்தில் எடுத்த மீனை ஆளுக்கொரு கூறாகப் பிரிப்பது நாங்கள் தினமும் செய்கிற வேலை. அதற்குப் பின்னம் என்று ஒரு பெயர் இருப்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

சொர்ணத்தின் விஷயமும் அப்படியே. கழித்தலில் மேலே எது, கீழே எது என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவாள். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் அவளுக்கு இருபத்தாறு. வீடியோ முடிந்ததும் ‘மிக நன்று’ என்று திரையில் நட்சத்திரம் வரும், அவளும் சிரிப்பாள். நட்சத்திரத்துக்கு அவள் நோட்டைப் பார்க்கத் தெரியாது. மூன்று வாரம் கழித்து நோட்டை வாங்கிப் பார்த்து, தவறு எங்கே என்று கண்டுபிடித்தவள் ஜாஸ்மின். இப்போது சொர்ணம் கழித்தலில் என்னைவிடச் சுத்தம்.

8. குறுஞ்செய்தி வந்ததும், மார்ச் பத்தாம் தேதி, நானும் ஜாஸ்மினும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். பிரிவு எழுத்தர் திரு. பிரசாத் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். என் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. மொத்தப் பாடமே நாற்பது மணி நேரம்தான். தேர்வுக்கு முப்பது மணி நேரம் பார்த்திருந்தால் போதும். பதினேழு பேரும் சேர்ந்து பார்த்தது என்று நாங்கள் சொன்னதும் அவர் கால்குலேட்டரை எடுத்து இருநூற்றுப் பன்னிரண்டைப் பதினேழால் வகுத்தார். ஆளுக்குப் பன்னிரண்டரை மணி நேரம்கூட வரவில்லை. அப்படிப் பார்த்தால் உங்களுக்கும் சேர்த்து வருகை பற்றாதும்மா, பேசாமல் நீங்கள் மட்டும் எழுதுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். ஐயா, மீனைப் பதினேழு பேருக்குக் கூறு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். பாடத்தைப் பதினேழு பேர் கேட்டால் பதினேழு பேருக்கும் முழுதாகப் போகும். இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். படி இறங்கும்போதுதான் தோன்றியது.

9. படியில் இன்னொன்றும் நடந்தது. அங்கே வந்திருந்த ஒருவர், போனை வாங்கி, சத்தத்தை அணைத்து, வீடியோவை ஓடவிட்டு ஓரமாக வையுங்கள், இரண்டு நாளில் வருகை ஏறிவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எங்களுக்கு யோசனை சொன்னார். அவர் யார் என்று நான் எழுத மாட்டேன். நாங்கள் குப்பத்துக்குத் திரும்பி வந்து சொன்ன இந்த யோசனையைக் கேட்டுச் சொர்ணம் மட்டும் தன் கணவரின் போனில் ஓடவிட்டாள். அவள் பெயரில் இப்போது இருபத்திரண்டு விழுக்காடு வருகை இருக்கும். அந்த இருபத்திரண்டு விழுக்காடும் படகில் தார்ப்பாய்க்கு அடியில் தனியாக ஓடிய வீடியோ. அதை நீக்கிவிடும்படி சொர்ணமே கேட்டுக்கொள்கிறாள், அதில் அவள் ஒன்றும் படிக்கவில்லை. யாரும் பார்க்காத வீடியோவுக்கு வருகை உண்டு. நூற்று முப்பது நாள் வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வருகை இல்லை, அவர்கள் ‘தாமாக விலகியவர்’. டிசம்பர் மழையில் வலைக்கூடத்துக்குள் தண்ணீர் வந்தபோது போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டோம். அதில் தாமாக விலகியது யார் ஐயா? எனக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. கோபம் வரும் என்று முதலிலேயே சொன்னேன், அது இவ்வளவுதான்.

10. நாங்கள் வீடியோவுக்கு எதிரிகள் அல்லர். டீச்சர் வராத நாளிலும் பாடம் வருகிறது. புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் போகலாம், வெட்கப்படாமல் மறுபடி கேட்கலாம். நாற்பது வயதில் ஒரு மனிதரிடம் மூன்றாம் முறை சந்தேகம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது படித்த தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கற்றல் பாணி என்பதையும் நான் பழிக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் நாங்கள் கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம், கிளிஞ்சலைத் தொட்டும் எண்ணினோம், எல்லாவற்றுக்கும் மேல் ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்லக் கற்றோம். இதில் எந்தப் பாணி எங்களுடையது என்று இன்றைக்கு ஸஹானா வந்து கேட்டால், பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். ஏலம் இல்லாத நேரத்தில் வரட்டும், தாராளமாகச் சொல்கிறோம்.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

(அ) பதினாறு பேருக்கும் மார்ச் 28-ஆம் தேதிக்குள் நுழைவுச்சீட்டு வழங்க வேண்டும்.

(ஆ) வருகைக்குச் சான்றாக எங்கள் பதினேழு நோட்டுகளை ஏற்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கிறது. மத்தி மீனின் செதில் ஒட்டிய பக்கங்களும் இருக்கும், மன்னிக்கவும். நோட்டை நம்ப முடியாவிட்டால் எந்த நாளும் நான்கு மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் வலைக்கூடத்துக்கு வாருங்கள். யாரை வேண்டுமானாலும் எழுப்பி எந்தக் கணக்கை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருத்தி தவறினாலும் இந்த மனுவை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

(இ) ‘தாமாக விலகியவர்’ என்ற பதிவைப் பதினாறு பெயரிலிருந்தும் அடிக்க வேண்டும்.

(ஈ) வரும் ஆண்டில் ஒரு போனில் பலர் சேர்ந்து பார்ப்பதற்கும் வருகை தர வேண்டும். வாரம் இரண்டு நாளாவது ஸ்ரீலக்ஷ்மி டீச்சரை அனுப்ப வேண்டும், நோட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். நங்கநல்லூர்க்காரர்களுக்கு மீதி நாட்களில் எங்கள் வீடியோவைக் கொடுக்கலாம்.

12. என் நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஜாஸ்மின் விடவில்லை. “நீ போயி எழுது அண்ணி. ஒருத்தியாவது பாஸானாதான் நாம படிச்சத நம்புவாங்க” என்று சொல்லிவிட்டு, குனிந்து கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நடந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். ஐந்து நாள் ஆயிற்று.

எனவே நான் தேர்வுக்குப் போவேன். பாஸும் ஆவேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினேழு பேரும் எழுதினால் பதினேழு பேரும் பாஸ் ஆவோம் என்பதிலும் சந்தேகமில்லை. தேர்வு மையமாகத் தாங்கள் குறித்திருக்கும் பள்ளி, ஜாஸ்மின் மீன் விற்கும் தெருவில் இருக்கிறது. ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையார் கறியை விலக்கும் தவக்காலம் வேறு, மீன் நன்றாகப் போகிற நாள். நுழைவுச்சீட்டு வராவிட்டால் அவள் வழக்கம்போல வியாபாரத்துக்கு வருவாள். அவள் சொல்லிக்கொடுத்த பின்னக் கணக்கை நான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே அவள் மீன் கூவிக்கொண்டு போவது எனக்குக் கேட்கும். அன்று அவள் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கத் தங்கள் கையெழுத்து ஒன்று போதும். அதைப் போட்டுத்தர வேண்டுமாய்ப் பதினேழு பேரும் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: ஊரூர் ஒல்காட் குப்பம்
நாள்: 17.03.2025

உண்மையுடன்,
ரா. தேசம்மா
(நுழைவுச்சீட்டு உள்ளவர்)

நுழைவுச்சீட்டு இல்லாத பதினாறு பேரின் கையெழுத்து பின்பக்கத்தில் உள்ளது. பதினேழு நோட்டுகள் தனிப் பையில் இணைக்கப்பட்டுள்ளன. தேர்வுக்கு முன் படிக்க வேண்டியிருப்பதால் பார்த்துவிட்டு விரைவில் திருப்பித் தரவும்.